பெருவள்ளிக் கொடியா, சரக்கொன்றை மரமா? வீட்டுத் தோட்டத்துக்கான கேள்வி பதில்கள்

வேலியோரமாகப் பத்தடி இடம் கிடைத்தால் ஒருவருக்குக் கிழங்கு ஞாபகம் வரும், இன்னொருவருக்குப் பூ ஞாபகம் வரும். இங்கே கிழங்குக்குப் பெருவள்ளியையும், பூவுக்குச் சரக்கொன்றையையும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். இரண்டும் நம் மண்ணுக்குப் பழகியவை. நர்சரியிலும் பொங்கல் சந்தையிலும் சுலபமாகக் கிடைப்பவை.

ஒன்று கொடி, இன்னொன்று மரம். இரண்டையும் எப்படி ஒப்பிடுவது?

இரண்டும் ஒரே இடத்துக்குத்தான் போட்டி போடுகின்றன. நல்ல வெயில், தண்ணீர் தேங்காத மண், ஆள் நடமாட்டம் குறைந்த ஓரம் என்று இரண்டுக்கும் தேவை ஒன்றே. நட்ட பிறகுதான் வழி பிரிகிறது. பெருவள்ளி சித்திரையில் மண்ணுக்குள் போய் மார்கழி, தையில் வெளியே வந்துவிடும். அடுத்த வருடம் அதே மண்ணை மறுபடி வெட்டிப் புரட்ட வேண்டும். கொன்றையை ஒருமுறை நட்டால் பல பத்தாண்டுகள் நிற்கும், அதன் அடிமண்ணில் கடப்பாரை படவே கூடாது. ஆகவே முதலில் உங்களை நீங்களே கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்த இடத்தை வருடாவருடம் தோண்டப் போகிறேனா? தோண்டுவேன் என்றால் கிழங்கு. மாட்டேன் என்றால் மரம். மற்ற கணக்கெல்லாம் இதற்குப் பிறகு வருபவை.

பெருவள்ளி என்பது எந்தக் கிழங்கு? சர்க்கரைவள்ளியா?

இல்லை. பெயரில் மட்டும்தான் உறவு. சர்க்கரைவள்ளி தரையில் படரும். பெருவள்ளி கம்பைச் சுற்றி மேலே ஏறும். தாவரவியலில் இது டயாஸ்கோரியா அலாட்டா. கன்னியாகுமரிப் பக்கம் காச்சில் என்பார்கள். யாழ்ப்பாணத்தில் தேங்காய்ப்பால் விட்டுக் காய்ச்சும் ஊதா நிற ராசவள்ளிக்கிழங்கும் இந்த இனம்தான்.

அடையாளம் தண்டில் இருக்கிறது. பெருவள்ளியின் தண்டு நாலு பட்டையாக இருக்கும், ஒவ்வொரு முனையிலும் சிறகு போல மெல்லிய விளிம்பு ஓடும். இலைகள் பெரும்பாலும் எதிரெதிராக ஜோடி சேர்ந்திருக்கும். சிறுவள்ளி என்ற இன்னொரு வள்ளிக்கு உருண்டைத் தண்டு, முள், மாற்றடுக்கு இலை, அதாவது கணுவுக்கு ஒன்றாக மாறி மாறி வரும் இலை. காட்டிலும் வேலியிலும் தானாக ஏறும் வள்ளிகளில் உருண்டைத் தண்டும் மாற்றடுக்கு இலையும் கொண்டு, கணுவில் உருளை உருளையாகக் காய் பிடிப்பது ஒன்று உண்டு. மூன்று சிற்றிலை சேர்ந்த முள்தண்டு வள்ளி இன்னொன்று. இவற்றின் கிழங்கில் நஞ்சு இருக்கலாம். தெரியாத காட்டுக்கொடியைத் தோண்டிச் சமைக்கவே வேண்டாம். பெருவள்ளியைக்கூடப் பச்சையாகச் சாப்பிடக் கூடாது. சீவும்போது கை அரிக்கும். புளித்தண்ணீரிலோ எண்ணெயிலோ கையை நனைத்துக்கொண்டு சீவுங்கள், நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள்.

நர்சரியில் "கொன்றை" என்று கேட்டால் வேறு ஏதோ கொடுக்கிறார்களே?

அடிக்கடி நடக்கும் தவறு இது. கொன்றை என்ற பெயரில் மூன்று நான்கு மரங்கள் உலவுகின்றன. நமக்கு வேண்டியது காசியா ஃபிஸ்டுலா, அதாவது பொன்மஞ்சள் பூ சரம் சரமாகக் கீழ்நோக்கித் தொங்கும் மரம். சிவன் சூடும் கொன்றை அதுதான். கேரளத்தில் விஷுக்கனிக்கு வைப்பதும் அதுதான், தாய்லாந்தின் தேசிய மலரும் அதுதான்.

பூ இல்லாத நாற்றிலும் கண்டுபிடிக்கலாம். சரக்கொன்றையின் ஓர் இலையில் 4 முதல் 8 ஜோடிச் சிற்றிலைகள்தான் இருக்கும். ஒவ்வொன்றும் உள்ளங்கை நீளத்துக்கு வளரும். சிற்றிலைகள் சிறிதாகவும் பத்து ஜோடிக்கு மேலும் இருந்தால் அது பெரும்பாலும் சென்னா ஸ்பெக்டாபிலிஸ். அதன் பூங்கொத்து கிளை நுனியில் மேல்நோக்கி நிற்கும். தென் அமெரிக்காவிலிருந்து வந்த அந்த மரம் முதுமலை, வயநாடு காடுகளில் பரவிப் பிற செடிகளை வளரவிடாமல் செய்ததால், வனத்துறையே அதை வெட்டி அகற்றுகிறது. அதைத் தோட்டத்தில் நடுவது பெருந்தவறு. விலை மலிவு, சீக்கிரம் வளரும் என்று சொன்னாலும் வாங்காதீர்கள்.

எவ்வளவு இடம் வேண்டும்?

பெருவள்ளிக்குக் குழிக்குக் குழி 3 அடி. பத்துக்குப் பத்து அடி இடத்தில் 9 குழி எடுக்கலாம். உயரத்துக்குப் பந்தலோ கயிறோ 10 அடி இருந்தால் போதும்.

சரக்கொன்றை 30 முதல் 45 அடி வரை உயரும், நிழல் வட்டம் இருபதடிக்குக் குறையாது. சுவரிலிருந்து 12 முதல் 15 அடியாவது தள்ளி வையுங்கள். தலைக்குமேல் மின்கம்பி போனால் அந்த இடத்தில் வைக்கவே வேண்டாம். மின்வாரிய ஆட்கள் வந்து நடுமண்டையை வெட்டிவிட்டுப் போன கொன்றை பிறகு எந்தக் காலத்திலும் அழகாக நிற்பதில்லை. இடம் அவ்வளவு இல்லையென்றால் பவளமல்லி வையுங்கள். 10, 15 அடிக்குள் அடங்கிவிடும்.

கொஞ்சம் நிழல் விழும் இடம் என்றால்?

பெருவள்ளி பொறுத்துக்கொள்ளும், விளைச்சல்தான் குறையும். தென்னந்தோப்பில் ஊடுபயிராகப் போடுவதே அதனால்தான். கொன்றை பொறுக்காது. நிழலில் நட்ட கொன்றை உயிரோடு இருக்கும், ஆனால் வெயிலைத் தேடி ஒரு பக்கமாகச் சாய்ந்து வளர்ந்து, பூவே இல்லாமல் நிற்கும்.

மண் எப்படி இருக்க வேண்டும்?

இங்கேதான் கொன்றைக்கு வெற்றி. செம்மண், சரளை, சுண்ணாம்பு கலந்த மண் எல்லாவற்றிலும் வரும். தண்ணீர் மட்டும் தேங்கக் கூடாது.

பெருவள்ளிக்கு ஆழமான, பொலபொலவென்ற மண் வேண்டும். கிழங்கு இறங்கும் வழியில் கல்லோ கட்டிக் களியோ தட்டினால் கிளைகிளையாகப் பிரிந்துவிடும். தோல் சீவுவதற்குள் பாதி வீணாகும். களிமண்ணாக இருந்தால் குழியில் தோண்டிய மண்ணை அப்படியே திருப்பிப் போடாமல், மூன்றில் ஒரு பங்கு மணலும் மக்கிய உரமும் கலந்து போடுங்கள். மேட்டுப்பாத்தி அமைப்பது இன்னும் நல்லது.

விதைக்கிழங்கை எப்படித் தயார் செய்வது?

பொங்கலுக்கு வாங்கிய கிழங்கில் அழுகலும் வெள்ளைச் செதில்பூச்சியும் இல்லாத ஒன்றை ஒதுக்கி வையுங்கள். அறுவடையான கிழங்கு இரண்டு மூன்று மாதம் தூங்கும். அதற்கு முன் எத்தனை முறை தண்ணீர் தெளித்தாலும் முளைக்காது. மாசி, பங்குனியில் தலைப்பக்கம் முளை கட்டும்.

வெட்டும்போது ஒவ்வொரு துண்டும் 250 முதல் 300 கிராம் இருக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் தோல் இருக்க வேண்டும். உருளைக்கிழங்கு போலக் கண்ணைத் தேட வேண்டியதில்லை, தோல் உள்ள இடத்திலிருந்து புது முளை வரும். ஆனால் தலைத்துண்டு முதலில் முளைக்கும், நடுத்துண்டும் வால்துண்டும் சில வாரம் தாமதமாகும். எல்லாவற்றையும் கலந்து நட்டுவிட்டு "பாதி குழி முளைக்கவில்லை" என்று தோண்டிப் பார்த்து முளையை முறித்துவிடுபவர்கள் அதிகம். தலைத்துண்டுகளை ஒரு வரிசையிலும் மற்றவற்றை இன்னொரு வரிசையிலும் நட்டால் இந்தக் குழப்பம் வராது. வெட்டிய முகத்தைச் சாணிப்பாலில் முக்கி அல்லது சாம்பல் தடவி, நிழலில் ஓரிரு நாள் உலரவிட்டு நடுங்கள். ஈர முகத்தோடு மண்ணில் வைத்தால் அழுகும்.

நல்ல ரகம் வேண்டுமென்றால், திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் இயங்கும் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஸ்ரீ கீர்த்தி, ஸ்ரீ ரூபா, ஸ்ரீ ஷில்பா ஆகியவை பெருவள்ளி ரகங்கள். கயிறு கட்டவே இடமில்லாதவர்களுக்கு அதே நிலையத்தின் ஸ்ரீ தன்யா உண்டு. அது வெள்ளை வள்ளி என்ற வேறு இனம், புதர் போல நிற்கும், கம்பு தேவையில்லை.

குழி, உரம், நடவு: அளவோடு சொல்லுங்கள்.

நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒன்றரை அடி. மேல்மண்ணைத் தனியாக எடுத்து வையுங்கள். ஒரு குழிக்கு ஒன்றேகால் கிலோ மக்கிய தொழுஉரத்தை மேல்மண்ணோடு கலந்து குழியில் முக்கால் பங்கு நிரப்பி, துண்டை வைத்து, மீதி மண்ணைக் கூம்பாக அணைத்துவிடுங்கள். கரையான் உள்ள இடமாக இருந்தால் 100 கிராம் வேப்பம் பிண்ணாக்கும் சேர்க்கலாம். பிறகு காய்ந்த இலையால் மூடாக்கு. சித்திரை வெயிலில் மூடாக்கு இல்லாத குழியில் முளை வெந்துபோகும், இதை விட்டுவிடாதீர்கள்.

ரசாயன உரம் போடுபவர்களுக்கு: ஹெக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் சத்து 80:60:80 கிலோ என்ற பரிந்துரையை ஒரு குழிக்குக் கணக்கிட்டால் யூரியா 14 கிராம், சூப்பர் பாஸ்பேட் 30 கிராம், பொட்டாஷ் 11 கிராம் வருகிறது. முளைத்த ஒரு வாரத்தில் யூரியா 7, பொட்டாஷ் 5 அல்லது 6, சூப்பர் முழுவதும். ஒரு மாதம் கழித்துக் களையெடுத்து மண் அணைக்கும்போது மீதி. தண்டிலிருந்து அரையடி தள்ளி வட்டமாகப் போட்டு மண்ணால் மூடுங்கள். இதற்கு மேல் யூரியா போட்டால் கொடி மட்டும் காடாக வளரும்.

கொடியைக் கம்பில் ஏற்றாமல் தரையில் விட்டால் என்ன?

கிழங்கு சிறுக்கும், நோய் வரும். தரையில் கிடக்கும் கொடியில் இலை மேல் இலை விழுந்து பாதி இலைகளுக்கு வெயில் கிடைக்காது. மழைத்துளி தெறிக்கும்போது மண்ணில் உள்ள பூஞ்சை அடியிலைக்கு ஏறும். முளை வந்த 15 நாளுக்குள் கயிறு கட்டிவிடுங்கள். தென்னங்கயிறு நல்லது, சொரசொரப்பு இருப்பதால் கொடி பிடித்து ஏறும். நைலான் கயிற்றில் வழுக்கி ஒரு காற்றுக்கு மொத்தமாக இறங்கிவிடும். சவுக்குக் கம்பு நடுவதானால் குழியிலிருந்து ஒரு அடி தள்ளி, கிழங்கு நடுவதற்கு முன்பே ஊன்றுங்கள்.

இன்னொரு விஷயம். பெருவள்ளி ஒரு திசையில் சுற்றும், சிறுவள்ளி எதிர்த்திசையில் சுற்றும். கையால் எடுத்துவிடும்போது நுனி ஏற்கெனவே எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்த்து அதே போக்கில் விடுங்கள். மாற்றிச் சுற்றினால் இரண்டு நாளில் அவிழ்ந்து தொங்கும்.

ஐப்பசி மழையில் இலையெல்லாம் கருகிவிட்டது. ஏன்?

இது பெருவள்ளியின் முதல் எதிரியான கருகல் நோய், கொலெட்டோட்ரைக்கம் என்ற பூஞ்சையால் வருவது. முதலில் இலையில் மஞ்சள் விளிம்போடு பழுப்புப் புள்ளி. பிறகு நரம்பும் தண்டும் கறுத்து, நுனியிலிருந்து கொடி கீழ்நோக்கிக் காயும். நோய்பட்ட கிழங்கிலிருந்தும் வரும், பழைய சருகிலிருந்தும் வரும். அதனால் போன வருடக் காய்ந்த கொடியைக் குழியோரம் போடாமல் எரித்துவிடுங்கள். முதல் புள்ளிகள் தெரிந்ததும் அந்த இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்தி, மழை விட்ட நேரத்தில் மேன்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லியை லிட்டருக்கு 2 கிராம் கலந்து இலையின் இருபுறமும் நனையத் தெளிக்கலாம். மருந்து வேண்டாம் என்பவர்கள் நடும்போதே ட்ரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சை கலந்த தொழுஉரம் போட்டு, கொடிகளுக்கு இடையே காற்றோட்டம் விட்டு வளர்ப்பதுதான் வழி. நோய் தலைக்கேறிய பிறகு எதுவும் பலிக்காது.

கார்த்திகைக்குப் பிறகு இலை முழுவதும் சீராக மஞ்சளாவது நோய் அல்ல. அது முதிர்ச்சி.

கொடி அமோகமாக வளர்ந்தது, கிழங்கோ கையளவுதான். எங்கே தவறு?

பெரும்பாலும் நடவு தாமதமாகியிருக்கும். பெருவள்ளிக்கிழங்கு வேகமாகப் பருப்பது பகல் குறுகத் தொடங்கிய பிறகுதான். சித்திரையில் நட்ட கொடி அந்த நேரத்துக்குள் முழு இலையோடு தயாராக இருக்கும். ஆடி, ஆவணியில் நட்டதற்கு இலை சேர்க்கவே நேரமில்லை, அதற்குள் கிழங்கு கட்டும் வேளை வந்துவிடும். மற்ற காரணங்கள்: 100 கிராமுக்கும் குறைவான துண்டு, அதிக யூரியா, புரட்டாசியில் வந்த வறட்சி, இறுகிய மண். ஒழுங்காக நட்ட குழியில் 2 முதல் 3 கிலோ எதிர்பார்க்கலாம்.

கணுக்களில் சிறு காய் போலத் தொங்குபவற்றை எறிய வேண்டாம். அவையும் முளைக்கும், முதல் வருடம் சிறு கிழங்கு தரும். அதை அடுத்த வருடத்துக்கு விதையாக வைத்துக்கொள்ளலாம்.

எப்போது தோண்டுவது, எப்படி வைப்பது?

நட்ட 8, 9 மாதத்தில் கொடி தானாகக் காயும். அதற்கு மூன்று வாரம் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். தண்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளிச் சுற்றிலும் கடப்பாரையால் மண்ணை இளக்கிவிட்டு, கையால் மண்ணை அள்ளி எடுங்கள். தண்டைப் பிடித்து இழுத்தால் தலை மட்டும் வரும், உடல் உள்ளே இருந்துவிடும். வெட்டுப்பட்டதை முதலில் சமைத்துவிடுங்கள். மற்றவற்றைக் கழுவாமல், நிழலில் நாலைந்து நாள் உலர்த்தி, காற்றோட்டமான இடத்தில் மணல் மேல் ஒற்றை அடுக்காக வையுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் முழுக்கிழங்கை வைக்காதீர்கள், குளிர் பட்டால் உள்ளே பழுப்பாகிக் கெடும். எலி, பெருச்சாளித் தொல்லை உள்ள வீட்டில் கூடையைத் தொங்கவிடுவது நல்லது.

கொன்றை விதை போட்டு இரண்டு மாதமாகியும் முளைக்கவில்லை.

விதையின் ஓடு தண்ணீரை உள்ளே விடாத அளவுக்குக் கெட்டி. காட்டில் வருடக்கணக்கில் கிடந்துதான் முளைக்கும். வனத்துறை நாற்றங்காலில் கந்தக அமிலத்தில் ஊறவைப்பார்கள். வீட்டில் அது ஆபத்து, வேண்டாம். உப்புத்தாளில் ஒரு முனையை உள்ளிருக்கும் வெளிர்நிறம் தெரியும்வரை தேய்த்து, இரவு முழுவதும் தண்ணீரில் போடுங்கள். காலையில் உப்பியிருப்பவற்றை மட்டும் அரை அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். உப்பாததை மறுபடி தேய்க்க வேண்டும். கொதித்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி அதில் விதையைப் போட்டு ஒருநாள் விடுவதும் உண்டு, ஆனால் தேய்ப்பதில் கிடைக்கும் அளவுக்குச் சீரான முளைப்பு அதில் கிடைக்காது. ஒன்றிரண்டு வாரத்தில் முளை தெரியும்.

நாற்றை நீண்ட பையில் வளர்த்து, ஒரு வருடத்துக்குள் நிலத்துக்கு மாற்றுங்கள். ஆணிவேர் பையின் அடியில் சுருண்டுவிட்டால் மரம் ஆயுள் முழுக்கக் காற்றுக்கு ஆடும். வாங்கும் நாற்றிலும் பையின் அடியைப் பாருங்கள்.

கொன்றையை நட்டு வளர்க்கும் முறை?

2 அடிக் கனக்குழி. தோண்டிய மண்ணோடு 5 கிலோ தொழுஉரம் போதும். ஆடிப்பட்டத்திலோ வடகிழக்கு மழைக்குச் சற்று முன்போ நடுங்கள். முதல் கோடையில் வாரம் இருமுறை 10 லிட்டர், இரண்டாம் கோடையில் வாரம் ஒருமுறை. மூன்றாம் வருடத்திலிருந்து சென்னையின் கத்திரி வெயிலைக்கூடத் தானே சமாளிக்கும்.

முதல் மூன்று வருடம்தான் மரத்தின் உருவத்தைத் தீர்மானிக்கிறது. ஒரே நடுத்தண்டை வைத்துக்கொண்டு, 6 அல்லது 7 அடி வரை பக்கக் கிளைகளைப் படிப்படியாக நீக்குங்கள். ஒரே வருடத்தில் எல்லாவற்றையும் வெட்டினால் தண்டு பருக்காமல் கோல் போல நின்று சாயும். ஊன்றுகோலை இறுக்கிக் கட்டாதீர்கள். தண்டு கொஞ்சம் ஆடினால்தான் பலப்படும்.

ஆறு வருடமாகியும் கொன்றை பூக்கவில்லையே?

விதை நாற்றுக்கு ஐந்தாறு வருடம் சாதாரணம், சில மரம் எட்டு வருடமும் எடுக்கும். அதற்கு மேலும் பூக்கவில்லை என்றால் முதலில் தண்ணீரைப் பாருங்கள். மாசி, பங்குனியில் இலை கொட்டி, வறட்சியில் ஓய்வெடுத்து, பிறகு சித்திரை, வைகாசியில் பூப்பது இதன் இயல்பு. அடியில் புல்தரை போட்டுத் தினமும் தண்ணீர் விடும் வீடுகளில் அந்த ஓய்வு கிடைப்பதில்லை. இலை பச்சைப்பசேலென்று இருக்கும், பூ நாலு சரம் வரும். தை முதல் தண்ணீரை முழுவதும் நிறுத்திப் பாருங்கள். இரண்டாவது, பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போதே மரத்தையும் கழித்துவிடுவது. பூ வர வேண்டிய கிளை அதோடு போய்விடும். கழிப்பதானால் பூ முடிந்த ஆனியில் கழியுங்கள்.

இளம் கொன்றையில் பச்சைப்புழு எல்லா இலையையும் தின்றுவிட்டது.

வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் புழு அது. கட்டோப்சீலியா என்ற அந்த இனம் முட்டையிடுவதற்கு விரும்பித் தேடும் மரங்களில் கொன்றை ஒன்று. மரம் சாகாது, மூன்று நான்கு வாரத்தில் மறுபடி துளிர்க்கும். இரண்டடி நாற்றாக இருந்தால் கையால் பொறுக்குங்கள். பெரிய மரத்துக்கு மருந்து அடிக்க வேண்டியதே இல்லை. மஞ்சள் பூவோடு மஞ்சள் பூச்சியும் வருவது கொன்றையின் சிறப்பு என்றே நாம் நினைக்கிறோம்.

குழந்தைகள் இருக்கும் வீடு. கொன்றைக்காய் ஆபத்தா?

ஒன்றரை அடி நீளத்துக்குக் கறுப்புத் தடி போலத் தொங்கும் காய்க்குள் இனிப்பான பிசின் போன்ற சதை இருக்கும். சித்த மருத்துவத்தில் அது பேதி மருந்து. குழந்தை ருசி பார்த்தால் வயிற்றுப்போக்கு வரும். விதையையும் தின்ன விடக்கூடாது. விழும் காய்களைப் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள். நடைபாதையில் நசுங்கினால் ஒட்டும், நாறும்.

கொன்றை மரத்திலேயே பெருவள்ளியை ஏற்றிவிட்டால் இடம் மிச்சமாகுமே?

நிறையப் பேருக்கு வரும் ஆசை. வளர்ந்த மரமாக இருந்தால் நடக்கும். ஆனால் விதிகளோடு.

நாலைந்து வயதுக்குக் குறைந்த மரத்தில் ஏற்றவே கூடாது. பெருவள்ளி ஆடி மாதத்துக்குள் மரத்தை மூடிவிடும். கொன்றைக்கு வேண்டிய வெயில் போய்விடும், இளங்கிளை கொடியின் எடையில் வளையும். வளர்ந்த மரத்தில் ஏற்றுவதானால் அடிமரத்திலிருந்து 6 அடியாவது தள்ளிக் குழி எடுங்கள். அங்கிருந்து உறுதியான ஒரு பக்கக் கிளைக்குச் சாய்வாகக் கயிறு கட்டுங்கள். கயிறு கிளையில் படும் இடத்தில் சாக்குத் துண்டு சுற்றுங்கள். மரத்துக்கு இரண்டு கொடிக்கு மேல் வேண்டாம். வெயில் விழும் தெற்கு, மேற்குப் பக்கம் பாருங்கள்.

பருவம் ஓரளவு ஒத்துப்போகிறது. சித்திரையில் முளை வரும்போது கொன்றை இலையின்றி இருப்பதால் கீழே வெயில் தாராளம். கொன்றை மாசியில் கொட்டும் சருகே குழிக்கு மூடாக்காகிவிடும். இது அருமையான பொருத்தம். ஆனால் தண்ணீர் விஷயத்தில் இரண்டும் முட்டிக்கொள்கின்றன. கொன்றை பூக்கும் நேரத்தில் வறட்சி கேட்கிறது, அதே நேரத்தில் நட்ட கிழங்கு ஈரம் கேட்கிறது. ஆகவே குழிக்கு மட்டும் குடத்தால் ஊற்றுங்கள். வாய்க்கால் வெட்டிப் பாய்ச்சாதீர்கள், மரத்தைச் சுற்றித் தெளிப்பானும் வைக்காதீர்கள். தையில் கொடி காய்ந்ததும் கயிறோடு அறுத்து இறக்கிவிடுங்கள். காய்ந்த கொடி மேலேயே கிடந்தால் கருகல் நோயின் வித்து அடுத்த மழைவரை அங்கே தங்கும், சித்திரைப் பூச்சரத்தின் அழகையும் கெடுக்கும்.

கொடியேற்றத்தான் மரம் வேண்டுமென்றால் கொன்றையைவிடக் கல்யாண முருங்கையோ கிளுவையோ மேல். கொம்பு நட்டாலே துளிர்க்கும், வெட்ட வெட்டத் தழையும்.

கொன்றை பயறு வகைக் குடும்பம்தானே? மண்ணுக்குத் தழைச்சத்து தருமா?

தராது. குடும்பம் அதுவே, ஆனால் இதன் வேரில் தழைச்சத்தைச் சேர்க்கும் முடிச்சுகள் உண்டாவதில்லை. சருகு மக்குவதால் வரும் சத்துதான். பக்கத்தில் நடும் கிழங்குக்கு உரத்தைக் குறைத்துவிடாதீர்கள்.

மாடித் தோட்டத்தில் வைக்கலாமா?

கொன்றை வேண்டாம். தொட்டியில் உயிரோடு இருந்தாலும் மரமாகாது. பெருவள்ளி வரும். 50 லிட்டருக்குக் குறையாத பை, பாதி மண்புழு உரமும் தென்னைநார்க் கழிவும், பாதி மண்ணும் மணலும் கலந்த கலவை, 150 கிராம் துண்டு ஒன்று. கைப்பிடிச் சுவர்க் கம்பியில் கயிறு. கிழங்கு பையின் அடியில் முட்டித் தட்டையாகும், சுவையில் குறை இருக்காது. வைகாசி வெயிலில் பையின் பக்கங்கள் சூடேறாமல் சாக்கு கட்டுங்கள்.

வாடகை வீட்டில் இருக்கிறோம். எது?

பெருவள்ளி. ஒன்பது குழிக்கு இரண்டேகால் கிலோ விதைக்கிழங்கும் கயிறும் இருந்தால் போதும். ஒழுங்காக வந்தால் பதினெட்டு கிலோவுக்குக் குறையாமல் வீட்டுக்குக் கிழங்கு, வீடு மாறும்போது விதையையும் எடுத்துப் போகலாம்.

கிழங்கு தோண்டும்போது கொன்றையின் வேர் அறுந்துவிட்டது. மரம் பிழைக்குமா?

விரல் தடிமனுக்குக் குறைந்த வேர் என்றால் பயமில்லை. பிய்ந்த நுனியை அரிவாளால் நேராக வெட்டிவிட்டு, அன்றே மண்ணால் மூடுங்கள். வெயிலில் வேரைத் திறந்து போடுவதுதான் கெடுதல். கைமணிக்கட்டுத் தடிமனுள்ள வேர் அறுந்திருந்தால் அந்தப் பக்கக் கிளைகளைக் கொஞ்சம் குறைத்து மரத்தின் பாரத்தை இறக்குங்கள். அந்தக் குழியை மண்ணும் சருகும் போட்டு மூடி, அடுத்த சித்திரைக்குக் குழியை இன்னும் மூன்றடி வெளியே தள்ளி எடுங்கள். அந்த வருடம் பூ குறைந்தால் உரம் போட்டு முடுக்க வேண்டாம், புது வேர் விடும்வரை மரத்தை அதன் போக்கில் விடுங்கள்.